ஸ்லீவ் அறுவை சிகிச்சை: டயட்டீஷியனுக்காகவே இந்த மருத்துவமனைக்குப் போகலாம்

உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் சர்ஜரி செய்து எட்டு மாதம் ஆகிறது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். வெளியே ஐந்து சின்னத் தழும்புகள்தான். சர்ஜரியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் தோள்பட்டை வலித்தபோது பயந்து அழுதுவிட்டேன். சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் ஏற்றும் வாயுதான் காரணம், நடந்தால் குறையும் என்று நைட் டியூட்டி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

என்னைத் தேற்றியவர் டயட்டீஷியன். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். 30 மில்லி கப்பைக் கையில் கொடுத்து, "மடக்மடக்னு வேண்டாம்மா, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். அதைக் குடித்து முடிக்கவே கால் மணி நேரம். அப்புறம் தினம் 60 கிராம் புரதம், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. நாலாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியபோது, திரும்ப வளரும் என்று போனிலேயே தைரியம் சொன்னார். இப்போது நெற்றியோரம் புதுமுடி குத்திட்டு நிற்கிறது.