அப்பாவின் முதுகெலும்பும் வேலூர் சிஎம்சியும்

குடியாத்தத்தில் ஒரு மருத்துவமனையில் அப்பாவின் முதுகுவலியை டிபி என்று சொல்லி, பயாப்சி (திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுக்காமலே மாத்திரை கொடுத்தார்கள். வலி கூடிக்கொண்டேதான் போனது. வேலூர் சிஎம்சியில் சி.டி. ஸ்கேன் பார்த்தபடியே முதுகில் ஊசி இறக்கி எலும்புத் துணுக்கு எடுத்தார்கள். ஒரு பகுதி பயாப்சிக்கு, இன்னொன்று கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க. பூஞ்சையாக இருந்தால் மெதுவாகத்தான் வளரும், காத்திருந்தோம். வந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை.

பூஞ்சைக்கான மருந்தான வொரிகொனசோல் தொடங்கும் முன்பே டிபி மருந்தான ரிஃபாம்பிசினை நிறுத்திவிட்டார்கள். அது உடம்பில் இருந்தால் வொரிகொனசோல் ரத்தத்தில் தங்காதாம். இதை அம்மாவுக்குப் புரியும்வரை டாக்டர் பொறுமையாகச் சொன்னாரே, அதற்கே கோடி நன்றி. மாத்திரையை வெறும் வயிற்றில் போடணும், வெயிலில் அலையக் கூடாது; வேலூர் வெயிலில் அது லேசா? அப்புறம் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து, விலையும் அதிகம். பணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.