இலங்கைக் காடுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது: யாலவா, வில்பத்துவா, கிழக்கா?

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் காட்டுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினால், அது பெரும்பாலும் யாலவுக்குத்தான் போகிறது. சிறுத்தை பார்ப்பதுதான் குறி என்றால் அதில் தவறில்லை. ஆனால் விலங்கோடு அந்த மண்ணையும் அங்கே வாழும் சனங்களையும் சேர்த்து அறிய வேண்டும், போக நேரம் இருப்பதோ ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் எங்கே போவது? தெற்கே யால, வடமேற்கே வில்பத்து, கிழக்கே கல்லோயாவும் குமணவும் இருக்கின்றன. நான் கிழக்கைத்தான் சொல்வேன்.

முதுமலையும் பந்திப்பூரும் பார்த்தவர்களுக்கு யானை, புள்ளிமான், கரடி எல்லாம் பழகியவைதான். அப்படியும் இலங்கைக் காட்டில் இரண்டு விஷயங்கள் உடனே வித்தியாசமாகத் தெரியும். ஒன்று, அங்கே புலி கிடையாது. சிறுத்தைக்கு மேலே இன்னொரு வேட்டை விலங்கு இல்லாததால், பட்டப்பகலிலேயே பாறைமேல் நிதானமாகப் படுத்திருக்கும், பாதையில் நடந்து வரும். நம் பக்கத்துச் சிறுத்தை இப்படிக் கண்ணில் படுவது அபூர்வம். இன்னொன்று, ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை அங்கே மிகக் குறைவு, நூற்றுக்கு ஏழு என்பார்கள். கொம்பனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தந்தமில்லாத பெரிய ஆண் யானைகள் முதலில் குழப்பமாகவே இருக்கும்.

யாலவின் பலம் ‘பிளாக் 1’ எனப்படும் முதல் வட்டாரம். ஏறக்குறைய 140 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. பாறைக்குன்று, முட்புதர், களப்பு எனப்படும் காயல், கடற்கரை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். குறை என்னவென்றால் கூட்டம். சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி பரவியதும் ஜீப்புகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்து பாதையை அடைத்துக்கொள்ளும். அந்தப் புழுதியிலும் இரைச்சலிலும் விலங்கைப் பார்த்தோம் என்று சொல்லலாமே தவிர, காட்டை உணர்ந்தோம் என்று சொல்ல முடியாது. காட்டுக்குள் சித்துள்பவ்வ என்ற பழம்பெரும் பௌத்த மடாலயம் இருக்கிறது. ஒரு காலத்தில் தெற்கே இருந்த பழைய ருகுணு இராச்சியத்தின் துறவிகள் நிறைந்திருந்த குன்று அது. இன்று அடர்காடாகத் தெரியும் பகுதி ஒரு காலத்தில் குளமும் வயலும் ஊருமாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அவசர சஃபாரியில் பலரும் அங்கே ஏறுவதே இல்லை. பட்டனங்கல கடற்கரையில் 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கான நினைவிடம் உண்டு, அதையும் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வறட்சி காரணமாக செப்டம்பர் வாக்கில் சில வாரங்கள் பூங்காவை மூடுவது வழக்கம்.

வில்பத்து இதற்கு நேர் எதிர். 1,317 சதுர கிலோமீட்டர், நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. யாலவும் இதுவும் 1938-இல் ஒன்றாகத்தான் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2010-இல் மீண்டும் திறந்தார்கள். மணல் கரை சூழ்ந்த வில்லுகள்தான் இதன் அழகு. ஆறு ஏதும் வந்து சேராமல், மழைநீர் தேங்கியே நிறையும் இயற்கைக் குளங்கள் அவை. கோடையில் நீர் சுருங்கச் சுருங்க, சுற்றிலும் பசும்புல் விரியும். மான்கள் அங்கே மேயும், ஓரத்து நிழலில் சிறுத்தை காத்திருக்கும். பாலை மரம் பழுக்கும் ஜூன், ஜூலையில் கரடி மரமேறிப் பழம் தின்பதைப் பார்க்கவும் வாய்ப்புண்டு. காடு பெரிது, ஜீப் குறைவு. அதனால் மணிக்கணக்கில் ஒன்றுமே தென்படாமலும் போகலாம். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு வில்பத்து யாலவைவிட எத்தனையோ மேல்.

மனிதர்களின் கதை என்று பார்த்தால் வில்பத்துவின் வடக்கு எல்லை கனமானது. 1990-இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் முசலிப் பகுதி ஊர்களும் காலியாயின. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, ஊர் இருந்த இடத்தில் காடு வளர்ந்திருந்தது. மீள்குடியேற்றமா, காடழிப்பா என்று நாடே இரண்டுபட்டு வாதிட்டது, வழக்கும் நடந்தது. யானையின் உரிமையையும் அகதியின் உரிமையையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. ஆனால் சஃபாரி ஜீப் தெற்கு வாசலில் நுழைந்து தெற்கிலேயே வெளியேறிவிடுகிறது, அந்தப் பக்கம் போவதே இல்லை.

இப்போது கிழக்கு. கல்லோயாவில் சஃபாரி என்பது படகில். சேனாநாயக்க சமுத்திரம் என்ற மிகப் பெரிய நீர்த்தேக்கம், அதற்குள் காடு மூடிய தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு யானைகள் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திப் போகும். இன்ஜினை நிறுத்திவிட்டால் அவை மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கும். யாலவின் புழுதிக்குப் பின் இது வேறு உலகம்.

அந்த நீருக்கு வரலாறும் உண்டு. தமிழர்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயா நதியைத் தடுத்து, சுதந்திரம் பெற்ற கையோடு தொடங்கிய முதல் பெரிய பாசனத் திட்டம் இது. நீர்ப்பிடிப்பைக் காக்கத்தான் 1954-இல் தேசியப் பூங்கா உருவானது. திட்டத்தோடு வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடியேற்றம் வந்தது. 1956 ஜூனில் தமிழருக்கு எதிரான வன்முறை கடுமையாக வெடித்த இடமும் இதே கல்லோயாப் பள்ளத்தாக்குதான். கீழே சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயல் இன்றும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் விளைகிறது. காட்டோரத்தில், இலங்கையின் பழங்குடிகளான வேடர்களின் இரத்துகல கிராமம். அங்குள்ளவர்களோடு காட்டுக்குள் நடக்கலாம். எந்தப் பட்டை எந்த நோவுக்கு, முன்னோர் எந்தக் குகையில் தங்கினார்கள் என்று காட்டிக்கொண்டே வருவார்கள். வேடர் என்றாலே சிங்களம் பேசுகிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். வடக்கே வாகரைக் கரையோர வேடர்கள் பேசுவது தமிழ்.

அப்புறம் குமண. பொத்துவிலைத் தாண்டி, பாணமைக்கு அப்பால் உகந்தை முருகன் கோயில், அதை ஒட்டியே பூங்கா வாசல். மே முதல் ஜூலை வரை குமண வில்லுவின் கண்டல் மரங்களில் நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அதே பருவத்தில்தான் கதிர்காமப் பாதயாத்திரையும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து வரும் அடியார்கள் உகந்தையில் கூடுவார்கள். காட்டுப்பாதை திறந்ததும் கும்புக்கன் ஆற்றைக் கடந்து, குமணவும் யாலவும் தாண்டிக் கதிர்காமம் போவார்கள். மற்ற நாட்களில் ஜீப்பைவிட்டு இறங்கவே அனுமதியில்லாத காட்டில், பாட்டிமாரும் சிறுவர்களும் அரோகரா சொல்லிக்கொண்டு யானைத்தடத்தின் மேல் நடக்கிறார்கள், ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறார்கள். விலங்கும் சனமும் மண்ணும் ஒரே பாதையில் சந்திப்பதை நான் அறிந்தவரை வேறெந்தப் பூங்காவிலும் இப்படிக் காண முடியாது. கிழக்கைச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

கிழக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சிறுத்தைக்கு உத்தரவாதமே கிடையாது. கொழும்பிலிருந்து தூரம். அம்பாறையிலோ இங்கினியாகலையிலோ ஓரிரவு, பொத்துவிலில் ஓரிரவு தங்காமல் சரிப்படாது. அக்டோபருக்குப் பின் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் போவது நல்லது. பாதயாத்திரையையும் பார்க்க வேண்டுமானால், காட்டுப்பாதை திறக்கும் தேதியைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்பப் பயணச்சீட்டுப் போடுங்கள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கையில் இரண்டே நாள்தான் என்றால் கிழக்கை விட்டுவிட்டு வில்பத்துவுக்குப் போகலாம். சிறுத்தை பார்க்காமல் திரும்ப மனமில்லாதவர்களுக்கு யாலதான் சரி. ஆனால் முழு நாளுக்கு அனுமதி எடுத்து, கூட்டம் கலையும் மதிய நேரத்தில் சித்துள்பவ்வ குன்றுக்கு ஏறி வாருங்கள்.