எடுபிடி வேலையா, போட்டியா, கூட எழுதுகிறவர்களா? திரைக்கதையாளருக்கு முன்னால் இருக்கும் வழிகள்

திரைக்கதை எழுத வருகிறவர்களுக்கு எல்லோரும் தவறாமல் சொல்லும் யோசனை, “நாலு பேரைப் பழக்கம் பண்ணிக்கோ” என்பது. எந்த நாலு பேர், எங்கே போய்ப் பழகுவது, பழகியபின் என்ன கேட்பது என்று யாரும் சொல்வதில்லை. தயாரிப்பு அலுவலகத்தில் எடுபிடியாகச் சேரலாம். பிறர் எழுதிய ஸ்கிரிப்ட்டைப் படித்து அறிக்கை கொடுக்கும் வேலைக்குப் போகலாம். போட்டிகளுக்கு அனுப்பலாம், ஃபிலிம் ஸ்கூலில் சேரலாம், விழாக்களில் பிட்ச் பண்ணலாம், அதாவது தயாரிப்பாளர்களிடம் சுருக்கமாகக் கதை சொல்லலாம், தன்னைப் போன்ற நாலைந்து பேரோடு உட்கார்ந்து எழுதலாம். எல்லாவற்றையும் செய்ய யாரிடமும் நேரமோ பணமோ இருக்காது. ஆகவே எதை விடுவது என்றுதான் முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இதை எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். எழுதி முடித்த ஸ்கிரிப்ட்டுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதை இந்த வழி கண்ணெதிரே காட்டுமா? இங்கே அறிமுகமாகிறவர் என் எழுத்தைப் படித்திருப்பாரா, முகத்தை மட்டும் பார்த்திருப்பாரா? முதலாவது தொழிலறிவு பற்றியது, இரண்டாவது தொடர்பு பற்றியது. ஒரே வழியில் இரண்டும் கிடைப்பது அபூர்வம்.

உள்ளே போய் வேலை பார்ப்பதும், உட்கார்ந்து படிப்பதும்

உள்ளே போய்விட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் பல எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து கதை பண்ணும் எழுத்தாளர் அறையை எடுத்துக்கொண்டால் படிக்கட்டு தெளிவாக இருக்கிறது. அடிமட்டத்தில் எல்லா வேலைக்கும் ஓடுகிற ரைட்டர்ஸ் பி.ஏ. (புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்). அடுத்து, அறையில் பேசப்படுவதை ஒன்றுவிடாமல் குறிப்பெடுக்கும் ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட். ஒவ்வொரு டிராஃப்ட்டையும் சரிபார்த்து எல்லாத் துறைக்கும் அனுப்புவது ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டரின் பொறுப்பு. இவர்களுக்கு மேலேதான் எழுத்தாளர் என்ற பெயரோடு சம்பளம் வாங்கும் ஸ்டாஃப் ரைட்டர்.

கோஆர்டினேட்டரின் மேஜையில் கிடைக்கும் அறிவு புத்தகத்தில் கிடைக்காது. ஷூட்டிங் ஸ்கிரிப்ட்டின் பக்கங்கள் ஒருமுறை பூட்டப்பட்டுவிட்டால் அதன்பின் காட்சி எண்களை மாற்ற முடியாது. 42-க்கும் 43-க்கும் நடுவில் புதுக் காட்சி நுழைந்தால் அது 42ஏ. 57-ஆம் காட்சியைத் தூக்கிவிட்டால் எண் அப்படியே நிற்கும், பக்கத்தில் ‘ஒமிட்டட்’ என்று மட்டும் இருக்கும். திருத்திய பக்கங்கள் வழக்கமாக நீலம், ரோஸ், மஞ்சள், பச்சை என்று வரிசையாக நிறம் மாறி வரும். நீலத்தில் இருந்த இரவுக் காட்சி ரோஸில் பகலாகியிருக்கும்; கூட்டத்தோடு நடந்தது மஞ்சளில் இரண்டு பேராகச் சுருங்கியிருக்கும். ஏன் என்று தேடிப் போனால் லொகேஷன், நடிகரின் தேதி, பட்ஜெட் என்று ஏதாவது ஒரு காரணம் அகப்படும். எழுத்தில் எது செலவு, எது சும்மா வருகிறது என்பது அந்த நிறங்களில் இருக்கிறது.

தொடர்பு என்று பார்த்தால் கதை வேறு. அலுவலகத்தில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும், உங்கள் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. வேலை முடிந்து போகும்போது மூளையில் ஒரு வசனம்கூட மிச்சமிருக்காது. நல்ல அசிஸ்டென்ட் என்று பெயரெடுத்து, அந்தப் பெயராலேயே அங்கேயே நின்றுபோகிறவர்கள் உண்டு. படிக்கட்டும் முன்பைவிடக் குறுகியிருக்கிறது. 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்களின் தொழிற்சங்கமான ரைட்டர்ஸ் கில்ட் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் காரணங்களில் ஒன்று, சில எழுத்தாளர்களை மட்டும் கொஞ்ச காலத்துக்கு வைத்து எழுத்து வேலையை முடித்துவிடும் ‘மினி ரூம்’ வழக்கம். அதனால் இளம் எழுத்தாளர்கள் படப்பிடிப்புத் தளத்தையே பார்க்காமல் போனார்கள். அறைக்கு இத்தனை எழுத்தாளர்களாவது வேண்டும் என்ற விதி அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் ஒப்பந்தத்தில் ஏறியது.

இதற்குப் போட்டியாக நான் வைப்பது, பலரும் மட்டமாக நினைக்கும் ரீடர் வேலை. தயாரிப்பு நிறுவனத்துக்கு வந்து குவியும் ஸ்கிரிப்ட்டுகளைப் படித்து ‘கவரேஜ்’ எழுத வேண்டும். மேலே தலைப்பு, எழுதியவர், பக்க எண்ணிக்கை, வகை, காலம், களம். அடுத்து லாக்லைன், அதாவது ஒன்றிரண்டு வரியில் கதையின் சாரம். பிறகு ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கத்தில் கதைச் சுருக்கம். அதன்பின் கருத்துரை. பல இடங்களில் கரு, பாத்திரம், அமைப்பு, வசனம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டுக் கட்டமும் இருக்கும். கடைசியில் தீர்ப்பு: பாஸ், கன்சிடர், ரெக்கமெண்ட். இங்கே பாஸ் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பெரும்பாலான ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கிடைப்பது அதுதான். ஸ்கிரிப்ட்டுக்குத் தனியாக, எழுத்தாளருக்குத் தனியாக என இரண்டு தீர்ப்பு கேட்கும் நிறுவனங்களும் உண்டு. கதை வேண்டாம், ஆனால் இவரைக் கவனித்து வையுங்கள் என்று சொல்ல அதில் இடமிருக்கிறது.

வரிசையாகப் படித்தால் கண் திறந்துகொள்ளும். நாயகன் அலாரம் அடித்து எழுந்திருக்கும் முதல் காட்சி எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது, ஐம்பதாம் பக்கத்தில் கதை எப்படிப் படுத்துக்கொள்கிறது, வில்லனின் நோக்கத்தை எத்தனை பேர் கடைசிவரை சொல்லவே மறந்திருக்கிறார்கள் எல்லாம் தெரியவரும். கதைச் சுருக்கம் எழுத முடியாமல் நீங்கள் திணறும் ஸ்கிரிப்ட்டில் காரண காரியம் அறுந்திருக்கும். தேர்ந்த ஸ்கிரிப்ட்டுகளை மட்டும் படிப்பவருக்கு இது புரிவது கடினம், ஏனென்றால் அங்கே தையல் வெளியே தெரியாது.

தொடர்பிலும் ரீடருக்குச் சிறு அனுகூலம் இருக்கிறது. மேலே இருப்பவர் உங்கள் கதையைப் படிக்காவிட்டாலும் உங்கள் தீர்ப்பை வாராவாரம் படிக்கிறார். ‘இவன் சொன்னால் சரியாக இருக்கும்’ என்ற எண்ணம் வந்தபின் உங்கள் ஸ்கிரிப்ட்டை நீட்டுவது வேறு கணக்கு. சம்பள வேலையாகக் கிடைக்காவிட்டால் சிறிய விழாக்களும் போட்டிகளும் முதல் சுற்றுக்கு ரீடர்களைத் தேடும். காசு குறைவாக இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்றால் சில மாதத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் ஓசியில் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

போட்டியும் லேபும் ஒன்றல்ல

போட்டியையும், தேர்ந்தெடுத்த சிலரின் ஸ்கிரிப்ட்டை மெருகேற்றும் பயிற்சி முகாமான லேபையும் ஒரே பட்டியலில் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய திரைக்கதையாளர்களுக்கான ஆஸ்கர் அகாடமியின் போட்டி, நிக்கல் ஃபெலோஷிப், 1986 முதல் வழங்கப்படுகிறது. விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வரும், தேர்வாவது ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து. 2025-இல் அதன் வாசலும் மாறிவிட்டது. அகாடமிக்கு நேரடியாக அனுப்புவது நின்று, கூட்டு வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள், லேபுகள் வழியாகவோ பிளாக் லிஸ்ட் வழியாகவோதான் போக வேண்டும் என்றானது. பழைய யோசனைகளை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிளாக் லிஸ்ட் என்றதும் ஒரு குழப்பம் வரும். 2005-இல் ஃபிராங்க்ளின் லெனார்ட் தொடங்கியது ஒரு வருடாந்தரப் பட்டியல். தொழிலுக்குள் இருப்பவர்களிடம், இந்த ஆண்டு படித்ததில் உங்களுக்குப் பிடித்த, இன்னும் படமாகாத ஸ்கிரிப்ட் எது என்று கேட்டுத் தொகுத்தது. அதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. 2012-இல் வந்த இணையச் சேவை வேறு: காசு கட்டி ஸ்கிரிப்ட்டை ஏற்றி, காசு கட்டி மதிப்பீடு வாங்கலாம். பட்டியலின் பெருமையைப் பார்த்து, சேவைக்குக் காசு கட்டியதும் தானும் அதில் ஏறிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத் தளங்களுக்கு ஆயுள் நிச்சயமும் கிடையாது. போட்டி முடிவுகளைத் திரட்டித் தரவரிசை போட்டுவந்த கவர்ஃபிளை 2025-இல் மூடப்பட்டது. அங்கே சேர்த்த ரேங்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதுவும் செய்ய முடியாது.

கருத்துரை தராத போட்டி என் முதல் கேள்வியில் அப்படியே தோற்கிறது. இரண்டாவதில் ஜெயித்தவருக்கு மட்டும் பலன். காலிறுதிவரை வந்த சான்றிதழைக் காட்டி யாரும் கதவைத் திறந்ததாகத் தெரியவில்லை. யார் படிக்கிறார்கள், எழுத்தில் கருத்து தருவார்களா, முன்பு ஜெயித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் காசு கட்டலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும்.

லேப் அப்படியல்ல. சுயாதீனப் படைப்பாளிகளுக்கான அமெரிக்க அமைப்பான சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட் 1981-இல் ஆரம்பித்தபோதே மையத்தில் இருந்தது லேப்தான். கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, அனுபவப்பட்ட எழுத்தாளர்களோடு உட்காரவைத்து, அவரவர் ஸ்கிரிப்ட்டைப் பிரித்துப் பேசவைப்பார்கள். இந்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யின் திரைக்கதை லேபும் இந்த வகைதான். அங்கே அறிமுகமாகிறவர் உங்கள் ஸ்கிரிப்ட்டை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் எதிரே உட்காருகிறார். இரண்டு கேள்விக்கும் நல்ல விடை தரும் ஒரே வழி என்றால் இதைத்தான் சொல்வேன். இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஃபிலிம் ஸ்கூல் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பாடம் வெளியிலும் கிடைக்கும். உடன் படிப்பவர்கள் வெளியில் கிடைக்க மாட்டார்கள். அந்த வகுப்பில் யாரெல்லாம் இயக்கம், எடிட்டிங் படிக்கிறார்கள் என்று பார்த்துச் சேரலாம். எழுத்துத் துறை மட்டும் தனித்தீவாக இருந்தால் கடன் வாங்கிச் சேர வேண்டாம்.

பிட்ச் மேடையும் பக்கத்து நாற்காலியும்

ஆஸ்டின் திரைப்பட விழா 1990-களிலிருந்தே எழுத்தாளர்களை நடுவில் வைத்து மாநாடு நடத்துகிறது. அங்கும், பிற பிட்ச் சந்தைகளிலும் சில நிமிடங்களில் கதை சொல்லலாம். ஒன்லைனைக் கூர்தீட்ட நல்ல பயிற்சி. அதே கதையைப் பலரிடம் சொல்லும்போது எந்த இடத்தில் எதிரில் இருப்பவர் கண் தாழ்கிறது என்று தெரியும். ஆனால் எதிரே இருப்பவர் அன்று அதுபோல் பலரைப் பார்க்கிறார். நீங்கள் நீட்டும் விசிட்டிங் கார்டு அவர் நினைவில் நிற்காது.

மேலே இருப்பவருக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: “வணக்கம் சார், என்கிட்ட ஒரு வித்தியாசமான கதை இருக்கு. அஞ்சு நிமிஷம் டைம் கொடுத்தீங்கன்னா சொல்றேன்.” இதற்குப் பதில் எழுத அவரிடம் எதுவும் இல்லை. “சார், உங்க படத்துல அக்காவுக்கு உண்மை தெரியவர்றது இடைவேளைக்கு முன்னாடியே வருது. ஸ்கிரிப்ட்லயே அப்படித்தான் இருந்துச்சா, எடிட்டிங்ல மாத்தினீங்களா?” என்று கேட்டால் இரண்டு வரியிலாவது பதில் வர வாய்ப்பிருக்கிறது. கேட்காமல் ஸ்கிரிப்ட்டை இணைத்து அனுப்புவது இன்னும் மோசம். பின்னால் திருட்டுக் கதை வழக்கு வரும் என்று அஞ்சிப் பல நிறுவனங்கள் பிரிக்காமலே அழித்துவிடும், இல்லாவிட்டால் பின்னால் வழக்குப் போட மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்து கேட்கும். பிபிசியின் எழுத்தாளர் பிரிவான பிபிசி ரைட்டர்ஸ் போல, குறிப்பிட்ட காலத்தில் ஏஜென்ட் இல்லாதவர்களிடமிருந்தும் வாங்கிப் படிக்கும் இடங்கள் கொஞ்சம்தான்.

இதன் எதிர்ப்பக்கத்தில், பக்கத்து நாற்காலியில், உங்களைப் போலவே ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். யாரும் அவரிடம் கார்டு நீட்டுவதில்லை. என் ஓட்டு அவருக்குத்தான். இன்று அசிஸ்டென்டாக இருப்பவர் சில ஆண்டுகளில் ஸ்கிரிப்ட் தேர்ந்தெடுக்கும் நாற்காலிக்கு வரலாம். குறும்படம் எடுப்பவர் முதல் படத்துக்கு எழுத்தாளர் தேடும்போது, மூன்று டிராஃப்ட்டை ஏற்கெனவே படித்துத் திட்டியவர் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

குழு வைத்தால் நாலிலிருந்து ஆறு பேர், கூடும் நாள் மாறக் கூடாது, பக்கங்கள் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. “அது என்னன்னா, அவன் சின்ன வயசுல...” என்று விளக்க ஆரம்பித்தால், அந்த விளக்கம் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். முடிந்தால் எழுதாத இருவரையும் சேர்க்கலாம், ஒரு எடிட்டர், ஒரு இயக்குநர். எடிட்டர் சொல்லும் “இந்தக் காட்சி இல்லாமலே புரியுதே” என்ற ஒரு வரி பல வகுப்புகளை மிச்சப்படுத்தும்.

குழுவுக்கும் குறை உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய ஆய்வு, புதுத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட லேசாகத் தெரிந்தவர்கள் மூலம்தான் அதிகம் வருகிறது என்றது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். ஒரே ஆறு பேர் ஒரே விஷயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் வேலை பற்றிய செய்தி வராது. அதற்குத்தான் விழாவும் சந்தையும். அங்கே போய்ப் பெரியவரைத் துரத்தாமல், வரிசையில் முன்னால் நிற்பவரோடு பேசினாலே போதும்.

காதால் கற்பதற்கும் இன்று குறைவில்லை. ஹாலிவுட் திரைக்கதையாளர்கள் ஜான் ஆகஸ்டும் கிரெய்க் மேசினும் 2011 முதல் நடத்தும் ‘ஸ்கிரிப்ட்நோட்ஸ்’ பாட்காஸ்ட்டில் எழுத்து மட்டுமல்ல, ஒப்பந்தம், கிரெடிட், சம்பளம் வரை பேசுகிறார்கள். ரைட்டர்ஸ் கில்ட் தன் ஒப்பந்தத்தையும் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலையும் பொதுவெளியில் வைத்திருக்கிறது. சலிப்பூட்டும் வாசிப்புதான். ஆனால் திருத்தி எழுதுவதற்குத் தனிக் காசு உண்டு என்பதே பல புது எழுத்தாளர்களுக்கு அதைப் படித்தால்தான் தெரியும்.

கையில் முழு நேரம் இருந்தால் உள்ளே ஒரு வேலை, அதை விட்டு வெளியேற ஒரு தேதி, கூடவே குழு. வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுகிறவருக்கு ரீடர் வேலையும் குழுவும் போதும், மிஞ்சும் காசில் ஒரு லேபுக்கு விண்ணப்பம். ஏஜென்ட் தேடுவதை நான் கடைசியில் வைப்பேன். அமெரிக்காவில் ஏஜென்ட் வாங்கும் பங்கு 10 சதவீதம். வருமானமே இல்லாதவரிடம் 10 சதவீதம் எடுக்க அவருக்கு என்ன அவசரம்? புதியவர்களைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள், எழுத்தாளரின் தொழில் வளர்ச்சியைக் கவனிக்கும் மேனேஜர்கள். அவர்களும் ஸ்கிரிப்ட் பிடித்திருந்தால் உடனே கேட்பது, “வேற என்ன வெச்சிருக்கீங்க?” இரண்டாவது ஸ்கிரிப்ட் முடியும்வரை அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.