டிராஃபல்கர் சதுக்க நடைச் சுற்றுலா: சிங்கம் சரி, சங்கிலி எங்கே?

லண்டனுக்கு வரும் அப்பா அம்மாவை வார நாட்களில் எங்கே அனுப்புவது என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள். என் மகன் கண்டுபிடித்த வழி, டிராஃபல்கர் சதுக்கத்து 'இலவச' நடைச் சுற்றுலா. இலவசம் என்பது பேச்சுக்குத்தான். முடிவில் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். இப்படிப் பல பேர் நடத்துகிறார்கள், அதனால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

வழிகாட்டி இளவட்டம், நல்ல வாய்ச்சாலகம். கடற்படைத் தளபதி நெல்சனின் தூணடியில் படுத்திருக்கும் வெண்கலச் சிங்கங்களை வைத்தே ரொம்ப நேரம் ஓட்டினார். தூண் 1843-லேயே எழும்பிவிட்டது, சிங்கங்கள் வந்து சேர 1867 ஆனது. செய்தவர் எட்வின் லேண்ட்சீர், பேரெடுத்த ஓவியர், ஆனால் சிற்பி அல்ல. மாதிரிக்கு மிருகக்காட்சி சாலையிலிருந்து செத்த சிங்கம் ஒன்றை வரவழைத்தார். வேலை முடிவதற்குள் அது அழுகத் தொடங்கிவிட்டது. முன்னங்கால்களைப் பாருங்கள், நாய்க்கால் மாதிரிதான் இருக்கின்றன. நீரூற்றுகள் அழகுக்கு மட்டுமல்ல, கூட்டம் கூடும் இடத்தைக் குறைக்கவும்தான் என்றார். கூட்டம் எங்கே குறைந்தது? 1887 நவம்பரில் போலீசும் பட்டாளமும் ஜனங்களை அடித்து விரட்டியதை இன்றும் 'ரத்த ஞாயிறு' என்கிறார்கள்.

அதுவரை குறையில்லை. வடக்குப் பக்கப் படிகளுக்கு வந்ததும்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே அங்குலம், அடி, கெஜம் எல்லாம் உலோகத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். 1876-ல் அரசாங்கமே வைத்த அளவு, யார் வேண்டுமானாலும் தன் அளவுகோலைக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்ளலாம். 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் அளவு சரி என்றும் பொறித்திருக்கிறார்கள். வெயிலில் உலோகம் நீளும் அல்லவா! நிலம் அளக்கும் சங்கிலியின் அளவும் இருக்கிறது: நூறு லிங்க்ஸ் (கண்ணிகள்), அறுபத்தாறு அடி. பழைய புலப்படங்களோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அது உறவுக்காரரைப் பார்த்த மாதிரி. நம் வழிகாட்டி அதை மிதித்துக்கொண்டே மேலே போய்விட்டார். கேட்டதற்கு, "பழைய ஸ்கேல் சார்" என்றார்!

தெற்கே குதிரைமேல் இருக்கும் முதலாம் சார்லஸ் மன்னர் சிலையையும் தூரத்திலிருந்து கை காட்டியதோடு சரி. லண்டனுக்கு இத்தனை மைல் என்று எழுதினால் கணக்கு அந்த இடத்திலிருந்துதான். அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

நம் ஊர்க்காரர்கள் தவறவிடக் கூடாதது இன்னொன்று. தென்புறம் இரண்டு பீடங்களில் இரண்டு தளபதிகள். ஒருவர் சிந்துவைப் பிடித்த நேப்பியர் (நம்ம சென்னைப் பாலத்து நேப்பியர் வேறு, அவர் கவர்னர்). மற்றவர் ஹேவ்லாக், 1857 கிளர்ச்சியை அடக்கியவர்களில் ஒருவர். அவரோடு கான்பூரிலும் லக்னோவிலும் நின்றவர்தான் மதராஸ் ஃபூசிலியர்ஸ் படையின் நீல். அந்த நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் இருந்தது. 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. அந்தமானில் ஹேவ்லாக் தீவு, நீல் தீவு பெயர்களைக்கூட 2018-ல் மாற்றியாயிற்று. இங்கே ஹேவ்லாக் அசையாமல் நிற்கிறார். குழுவில் பாதிப் பேர் இந்தியர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்று. சிங்கக் கதைக்காகவும் நீரூற்றுக்காகவும் போகலாம், குழந்தைகள் இருந்தால் கட்டாயம் போகலாம். முடிந்ததும் குழுவோடு கிளம்பிவிடாமல், படிகளையும் தென்புறப் பீடங்களையும் நீங்களே நிதானமாகப் பாருங்கள். கால் வலித்தால் எதிரே நேஷனல் கேலரி, உள்ளே போகக் காசில்லை, உட்கார பெஞ்சும் உண்டு. வழிகாட்டிக்குக் கொடுக்க சில்லறை இல்லை என்று தப்பிக்க முடியாது, கார்டு மெஷினையே நீட்டுகிறார்.