யாழ்ப்பாணமா, திருவனந்தபுரமா?

கொழும்பில் வேலை, ஆண்டில் எடுக்கக்கூடிய லீவோ ஒரு கிழமைதான். அதைத் திரைப்பட விழாவுக்குச் செலவழிப்பதென்றால் என் முன்னால் இரண்டு வழி.

கேரளத்து விழா 1996இல் தொடங்கியது. வழக்கமாக டிசம்பரில் எட்டு நாள், நூற்றைம்பதுக்கும் மேலே படங்கள். ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கப் படங்களுக்கே போட்டிப் பிரிவு, பரிசு சுவர்ண சகோரம். பறப்பது ஒரு மணித்தியாலம் போலத்தான், ஆனால் விசா, பாஸ், அறை என்று கணக்கு ஏறும். அட்டவணையைப் பென்சிலால் வட்டமிட்டு நான்கு படம் குறித்தால், வரிசையில் நின்று இரண்டைத்தான் பிடிக்கலாம். ஓடி ஓடிப் பார்த்த படங்கள் மூன்றாம் நாளே தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

யாழ்ப்பாண விழா 2015இல்தான் பிறந்தது. சின்னது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது அங்கே. படம் முடிந்து வெளியே வந்தால், இயக்குநர் பிளேன்டீயும் கையுமாகப் பக்கத்தில் நிற்பார். சிங்களப் படமொன்றைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்டேன். யாரோ மொழிபெயர்க்க, பதில் அரை மணித்தியாலம் நீண்டது.

உலக சினிமாவை மொத்தமாக அள்ள வேண்டுமா, கேரளம். எனக்கு அந்த அரை மணித்தியாலம் போதும். இந்த முறையும் பஸ்தான்.