அரசாங்கத் தடையா, வீட்டு ஃபில்டரா? ஒன்றரை வருடம் பார்த்ததில்

திருப்பூரில் நானும் மனைவியும் கம்பெனி விட்டு வர ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். ஏழாவது படிக்கும் பையன் கையில் போன். ஆபாசத் தளங்களைத்தான் அரசாங்கமே முடக்கிவிட்டதே என்று நிம்மதியாக இருந்தேன், ஒரு நாள் அவன் போனைத் திறந்து பார்க்கும்வரை.

அரசாங்கத் தடைக்குக் காசில்லை, எதையும் நாம் செட் பண்ண வேண்டியதில்லை. குழந்தைகளை வைத்து எடுக்கும் படங்களைத் தண்டிக்கச் சட்டம்தான் வேண்டும். அவற்றை வைத்திருப்பதே போக்சோவில் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆனால் மற்றதற்கெல்லாம் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பட்டியலை யார் தினமும் பராமரிப்பது? 2015 ஆகஸ்டில் 857 தளங்களை முடக்கி, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே தளர்த்தினார்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள். அந்தக் கையோடு பெரிய தளம் ஒன்று முகவரியின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிட்டது. தோட்டத்துக்கு வேலி போட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் ஆடு வராமல் இருக்குமா?

அதனால்தான் நான் ஃபில்டர் பக்கம் போனேன். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் விட்ட 1.1.1.3 என்ற டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை, ஆபாசத் தளம் என்றால் இது தராது) ரவுட்டரில் போட்டேன், பத்து நிமிஷ வேலை, இலவசம். புதுத் தளங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ரவுட்டரில் மட்டும் போட்டால் பையன் காங்கேயத்தில் அப்புச்சி வீட்டுக்குப் போகும்போதும் மொபைல் டேட்டாவிலும் ஃபில்டர் இருக்காது, அதனால் போனிலேயே பிரைவேட் டிஎன்எஸ் என்ற செட்டிங்கிலும் கிளவுட்ஃபிளேரின் குடும்பங்களுக்கான டிஎன்எஸ் முகவரியைப் போட வேண்டும். இதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன், நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்.

விபிஎன் ஆப் (நெட்டை வேறு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) போட்டால் இரண்டு தடையுமே போச்சு. அதனால் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கண்காணிப்பு ஆப்பில், பையன் போனில் எந்த ஆப்பும் என் அனுமதி இல்லாமல் இறங்காதபடி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாமே ஆண்ட்ராய்டு, ஐபோனில் போட்டுப் பார்த்ததில்லை.

டெலிகிராம் குரூப்புக்குள் வருவதை ஃபில்டர் தொடாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து பேசுகிறேன், ஆரம்பத்தில் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. போன வாரம் அவனாகவே ஒரு லிங்க்கைக் காட்டி, "அப்பா, இது யாரோ அனுப்பிருக்காங்க, அழிச்சுப் போடட்டுங்களா?" என்றான்.