ஹிஸ்டோகிராம் சொல்லித்தர எக்செலா, ஜியோஜீப்ராவா?

எண்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று பட்டையாகக் காட்டும் படம் ஹிஸ்டோகிராம். பாடப்புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று வரும் இதை கிராஃப் தாளில் போடவைத்தால், பாடவேளை முழுக்கக் கட்டம் எண்ணுவதிலேயே போய்விடும். படம் என்ன சொல்கிறது என்று பேச ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் பள்ளியின் ஹைடெக் கணினி லேபுக்கு அழைத்துப்போவது நல்லதுதான். அங்கே எதைத் திறப்பது? என் ஓட்டு கணித மென்பொருளான ஜியோஜீப்ராவுக்கு.

எக்செல் எல்லோருக்கும் பழகியது. 2016 பதிப்பிலிருந்து ஹிஸ்டோகிராம் என்றே தனி சார்ட் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் சாதாரணப் பட்டை வரைபடமான காலம் (column) சார்ட்டை அழுத்தி, ஆளுக்கொரு பட்டையாக நட்டுவிடுவார்கள். சரியான சார்ட்டையே எடுத்தாலும் பிரிவு இடைவெளியை, அதாவது ஒவ்வொரு பட்டையின் அகலத்தை, எக்செல் தானே கணக்குப்போட்டு வைத்துவிடும். இடைவெளி 5 என்று நாம் கொடுத்தாலும், வகுப்பின் குறைந்த மதிப்பெண் 13 என்றால் 13, 18, 23 என்றுதான் வெட்டும்.

பெரிய சிக்கல் 35-ல் இருக்கிறது. நம் புத்தக வழக்கப்படி 30–35 பிரிவில் 35 சேராது, அடுத்த பிரிவுக்குப் போகும். எக்செல் இதற்கு நேர்மாறு: மேலெல்லையை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஓர் எண்ணையும் அதற்குக் கீழுள்ளவற்றையும் ஒரே பட்டையில் சேர்க்கும் ‘அண்டர்ஃப்ளோ பின்’ என்ற இடத்தில் 35 என்று கொடுத்தால், சரியாக 35 எடுத்துப் பாஸான பிள்ளையும் ஃபெயில் பட்டையில் உட்கார்ந்திருக்கும்! மதிப்பெண்கள் முழு எண்கள் என்பதால் 34.5 என்று கொடுத்துத் தப்பிக்கலாம். ஆனால் ஏன் 34.5 என்று எட்டாம் வகுப்புக்கு விளக்குவதற்குள் பாதி வகுப்பு போய்விடும்.

ஜியோஜீப்ரா கிளாசிக் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும், லேபில் இது பெரிய ஆறுதல். அதன் ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்களை அடித்து, தேர்ந்தெடுத்து, ‘ஒன் வேரியபிள் அனாலிசிஸ்’ என்பதை அழுத்தினால் படம் வந்துவிடும். தொடக்கம் 0, அகலம் 5 என்று நாமே கொடுக்கலாம். எந்த எல்லை உள்ளே, எது வெளியே என்பதையும் அமைப்பிலேயே தேர்வு செய்யலாம். 35 பஞ்சாயத்து அதோடு முடிந்தது.

அதைவிட முக்கியம், பிரிவுகளின் எண்ணிக்கையை மாற்றும் ஸ்லைடர். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் மல்லிகை விலையை ஒரு வருடத்துக்கு நாளிதழ்களிலிருந்து எடுத்துப் போடச்சொல்லுங்கள். மார்கழி, தையில் வரத்து குறையும், பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வரும். அந்த நாட்களில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஸ்லைடரை 3-ல் வைத்தால் ஏறக்குறைய எல்லா நாளும் முதல் பட்டைக்குள் குவிந்துவிடும். மெல்ல நகர்த்தினால் இடப்பக்கம் மேடும் வலப்பக்கம் நீண்ட வாலும் தெரியும். அப்போது, “சராசரி விலை இந்தப் படத்தில் எங்கே விழும்?” என்று கேளுங்கள். மேட்டின் உச்சியைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். கணக்குப் போட்டால் அது வால் பக்கமாக நகர்ந்திருக்கும். எக்செலிலும் எண்ணை மாற்றி மாற்றி இதைக் காட்டலாம், ஆனால் கண்ணெதிரே படம் நகர்வதைப் பார்ப்பதுபோல வராது.

கூகுள் ஷீட்ஸின் ஒரே பெரிய வசதி, வகுப்பே ஒரே தாளில் தரவை அடிக்கலாம். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் தரவை அங்கே திரட்டி ஜியோஜீப்ராவுக்குக் கொண்டுபோகலாம். கோடாப் (CODAP) என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் இலவசம், பிரவுசரில் ஓடும். புள்ளிகளைக் குவித்து, ஓரிரு சொடுக்கில் பட்டைகளாக்கிக் காட்டும். பட்டை என்பது ஆட்களின் கூட்டம் என்று புரியாத பிள்ளைக்கு முதல் பத்து நிமிடம் இதைக் காட்டலாம்.

பிரிவுகளின் அகலம் சமமில்லை என்றால் எக்செல் சார்ட் கைவிரித்துவிடும். ஜியோஜீப்ராவில் ஹிஸ்டோகிராம் கட்டளைக்கு எல்லைகளைப் பட்டியலாகக் கொடுத்து, எண்ணிக்கையை உயரத்துக்குப் பதில் பட்டையின் பரப்பு சொல்லும்படி வைக்கலாம். 1,000–3,000 என்ற அகலமான விலைப்பட்டை அப்போதுதான் தன் அளவுக்குத் தணியும். எட்டாம் வகுப்பில் இதைத் தொடவேண்டாம், மேல்வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.